வாக் வாங்கும் பேட்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜர் லீக் பேஸ்பாலை விடிகாலையில் எழுந்து பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு ஹோம் ரன் சட்டென்று புரிந்துவிடுகிறது. பேட்டர் மட்டையை அசைக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போவதும், அதற்கு அரங்கமே ஆர்ப்பரிப்பதும்தான் பலருக்குப் புரிவதில்லை. இது சம்பந்தமாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

வாக்னா என்ன? கிரிக்கெட்ல வைடு மாதிரியா?

பிட்சர் (பந்து வீசுபவர்) வீசிய பந்து, அடிக்கத் தகுந்தது என்று கருதப்படும் கற்பனைப் பெட்டியான ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்டால், அம்பயர் அதை ‘பால்’ என்று எண்ணுவார். ஒரே பேட்டருக்கு நான்கு பால் சேர்ந்துவிட்டால் முதல் பேஸ் அவருக்கு. அதுதான் வாக். ஸோனுக்குள் வந்த பந்தை விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ ஸ்ட்ரைக். நான்கு பாலுக்கு முன்பே மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் அவுட். இந்த நான்கு என்ற எண்ணிக்கை 1889-இல்தான் நிலைத்தது. பத்தாண்டுக்கு முன்னால், 1879-இல், ஒன்பது பால் சேர்ந்தால்தான் பேஸ்.

வைடோடு ஒப்பிட்டால் பாதிதான் பொருந்தும். வைடுக்கு அங்கேயே ஒரு ரன். இங்கே ஒரு பாலுக்கு ஒன்றுமில்லை, நான்கு சேர வேண்டும். அதைவிட முக்கியம், வெளியே போகிற பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டால் அது ஸ்ட்ரைக். டெஸ்ட் ஆட்டத்தில் புதுப் பந்தை எதிர்கொள்ளும் தொடக்க ஆட்டக்காரர், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை மட்டையைத் தூக்கி விடுவாரே, அந்த வேலைதான் இதற்கு நெருக்கம்.

ஸ்ட்ரைக் ஸோன் எவ்வளவு பெரிசு? களத்துல கோடு எதுவும் தெரியலையே?

டிவியில் தெரியும் பெட்டி ஒளிபரப்புக்காக வரைவது. களத்தில் கோடு கிடையாது. அகலம் ஹோம் பிளேட்டின் (பேட்டருக்கு அருகே தரையில் பதித்த வெள்ளைத் தட்டு) அகலம்தான்: 17 அங்குலம், சுமார் 43 செ.மீ. மேல் எல்லை தோளுக்கும் பேன்ட்டின் மேல்விளிம்புக்கும் நடுப்பகுதி. கீழ் எல்லை முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற குழிவு. பந்தின் ஓரம் இந்தப் பெட்டியை உரசினாலே ஸ்ட்ரைக். பந்தின் விட்டம் கிட்டத்தட்ட 3 அங்குலம் என்பதால், பேட்டர் காக்க வேண்டிய அகலம் நடைமுறையில் 17-ஐவிடக் கூடுதல்.

உயரம் ஆளுக்கு ஆள் மாறும். 1951 ஆகஸ்ட் 19 அன்று செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கேடலைப் பேட்டிங் செய்ய அனுப்பியது. நான்கே பந்தில் வாக். அது அணி உரிமையாளரின் விளம்பர வேலை. ஆனால் குனிந்து நின்று ஸோனைச் சுருக்கிக்கொள்வதை ஆயுள் முழுக்க ஒரு கலையாகச் செய்தவர் ரிக்கி ஹென்டர்சன். மொத்தம் 2,190 வாக், வரலாற்றில் இரண்டாம் இடம்.

வாக் வாங்கினா பேட்டிங் ஆவரேஜ் ஏறுமா?

ஏறாது, இறங்காது. ஆவரேஜ் என்பது ஹிட்டை (அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்ததை) அட்-பேட்டால் (கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்புகளால்) வகுப்பது. வாக்கில் முடிந்த வாய்ப்பு அட்-பேட் கணக்கிலேயே வராது. 1887-இல் மட்டும் வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு டிப் ஓ’நீல் 0.492 என்று பதிவானார். வாக்கைக் கழித்துப் பிறகு திருத்தியபோது 0.435 ஆனது.

வாக்கைக் காட்டும் எண் ஆன்-பேஸ் விகிதம். ஹிட், வாக், உடம்பில் பந்து பட்டது மூன்றையும் கூட்டி, அட்-பேட், வாக், உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் ஃபிளை (தான் அவுட் ஆனாலும் பேஸில் நின்றவரை ரன் எடுக்க வைத்த உயரப் பந்து) நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பேரி பாண்ட்ஸ் 2004-இல் ஆடியதைப் போட்டுப் பார்ப்போம். ஹிட் 135, வாக் 232, உடம்பில் பட்டது 9, கூட்டினால் 376. அட்-பேட் 373, சாக்ரிஃபைஸ் ஃபிளை 3, இவற்றோடு 232-உம் 9-உம் சேர்ந்தால் 617. 376-ஐ 617-ஆல் வகுத்தால் 0.609. பத்துத் தடவை பிளேட்டுக்கு வந்தால் ஆறு தடவை அவுட் ஆகவில்லை என்று பொருள். ஆவரேஜ் 0.362 என்று மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஒரு சீசன்ல எத்தனை வாக் வாங்கினா பெரிய ஆள்?

162 ஆட்டத்தில் 100 வாக் என்பதுதான் பழைய அளவுகோல், இன்றும் அதுவே போதும். லீக் சராசரி, பிளேட்டுக்கு நூறு தடவை வந்தால் எட்டு ஒன்பது வாக். 15-ஐத் தாண்டினால் அபூர்வம்.

உச்சியில் பாண்ட்ஸின் மூன்று சீசன்கள்: 2004-இல் 232, 2002-இல் 198, 2001-இல் 177. அடுத்து பேப் ரூத், 1923-இல் 170. டெட் வில்லியம்ஸ் 1947-இலும் 1949-இலும் 162, மார்க் மக்வயர் 1998-இல் 162. 2004-க்குப் பிறகு யாரும் 150-ஐத் தொடவில்லை. நெருங்கியவர்கள் 2021-இல் 145 வாங்கிய ஹுவான் சோட்டோ, 2015-இல் 143 வாங்கிய ஜோயி வாட்டோ.

பிட்சர் தப்பா போட்டதுக்கு பேட்டருக்கு ஏன் பாராட்டு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதில் இருக்கிற தவறான அனுமானம், வெளியே போகிற பந்தெல்லாம் கைதவறிப் போகிறது என்பது. அப்படி இல்லை. நல்ல பிட்சர் தெரிந்தே வெளியே வீசுகிறார். ஸோனுக்குள் வருவதுபோல் கிளம்பி, கடைசியில் வெளியே வளைந்து போகிற ஸ்லைடர் அவருடைய தூண்டில். லீக் சராசரி பேட்டர் வெளியே போகும் நூறு பந்தில் கிட்டத்தட்ட 28-க்கு மட்டையை வீசிவிடுகிறார். சோட்டோ வழக்கமாக 20-க்கும் குறைவு. தூண்டில் ஒன்றே, மீன்தான் வேறு.

அவர் ஆடும்போது கவனியுங்கள். தாழ்வாக ஒரு பந்து வெளியே போகிறது. மட்டை தோளிலிருந்து நகர்வதில்லை, தலை மட்டும் பந்தை, பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சரின் கையுறை வரைக்கும் பின்தொடர்கிறது. பிறகு காலை அகட்டித் தாழ உட்கார்ந்து, மண்ணைக் காலால் துழாவி எழுந்து, பிட்சரை நேருக்கு நேர் பார்க்கிறார். ‘சோட்டோ ஷஃபிள்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ‘உன் தூண்டில் எனக்குத் தெரிந்துவிட்டது’ என்று பிட்சரிடம் சொல்வதுதான் அது.

சும்மா நின்றால் வாக் வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. அடிக்கவே மாட்டார் என்று தெரிந்தால் பிட்சர் மூன்று பந்தையும் நடுவில் போட்டு அனுப்பிவிடுவார். மைனர் லீகில் கட்டுப்பாடில்லாத இளம் பிட்சர்களிடம் வாக்காகக் குவித்து, மேஜர் லீகுக்கு வந்ததும் காணாமல் போகிறவர்கள் இந்த வகை. உள்ளே வருவதை அடிக்க வேண்டும், வெளியே போவதை விட வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் திறமை.

பந்து வர்ற வேகத்துல எப்படி முடிவெடுக்க முடியும்? வெறும் கண் பார்வையா?

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல், அதாவது 153 கி.மீ. வேகத்தில் வரும் பந்து சேர்வதற்குச் சுமார் 0.4 நொடி. மட்டையைச் சுழற்றவே ஏறக்குறைய 0.15 நொடி போய்விடும். மிச்சமிருப்பது கால் நொடி. இதற்குள் பந்தின் சுழற்சி, திசை, வேகம் மூன்றையும் படித்துவிட வேண்டும். கூர்மையான கண் வேண்டும்தான், ஆனால் பாதி வேலை பந்து வருவதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஸ்ட்ரைக் குறைவாக இருக்கும்போது நல்ல பேட்டர் ஸோன் முழுவதையும் காப்பதில்லை. தனக்குப் பிடித்த ஒரு சதுரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அங்கே வந்தால் மட்டும் அடிக்கிறார். டெட் வில்லியம்ஸ் தன் ஸோனை 77 பந்துகளின் பரப்பாகப் பிரித்து வைத்திருந்தார். நடுவில் அடித்தால் 0.400 வரும், வெளிப்பக்கம் தாழ்வான மூலையில் 0.230தான் என்பது அவர் கணக்கு. அந்த மூலையில் வரும் முதல் ஸ்ட்ரைக்கை அவர் தாராளமாக விட்டுவிடுவார். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகுதான் முழு ஸோனும்.

இன்னொன்று, உடம்பு எல்லாப் பந்துக்கும் அடிக்கவே கிளம்ப வேண்டும். கால் முன்னே வைத்து, இடுப்பு தயாராகி, கடைசி நொடியில் ‘வேண்டாம்’ என்று நிறுத்துவதுதான் முறை. ‘அடிக்கலாமா’ என்று யோசித்தபடி நிற்பவருக்கு நல்ல பந்து வந்தாலும் கை தாமதமாகும். இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு: பிட்சர் பயிற்சியாக வீசும்போது பேட்டர் மட்டையோடு பிளேட்டருகே நின்று, ஒன்றைக்கூட அடிக்காமல், கையுறையில் விழும் முன்பே ‘பால்’, ‘ஸ்ட்ரைக்’ என்று சொல்ல வேண்டும்.

ஹோம் ரன் அடிப்பாங்கன்னு பயந்துதானே வாக் குடுக்கறாங்க? அப்ப பலம் இல்லாதவனுக்கு வாக் வராதா?

பயம் ஒரு காரணம்தான். மேலே உள்ள பட்டியலில் ரூத், வில்லியம்ஸ், மக்வயர், பாண்ட்ஸ் எல்லோரும் பந்தை அரங்கத்துக்கு வெளியே அனுப்பியவர்கள். மக்வயரின் 162 வந்தது 70 ஹோம் ரன் அடித்த அதே ஆண்டில். நடுவில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த பிட்சர் ஓரத்திலேயே வீசுவார், ஓரத்தில் வீசினால் பால் சேரும்.

ஆனால் எடி யோஸ்ட் என்ற மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரை எங்கே வைப்பது? வாஷிங்டன் செனட்டர்ஸுக்காக 1956-இல் அவர் ஆவரேஜ் 0.231தான். வாக் 151, ஆன்-பேஸ் விகிதம் 0.412. ‘வாக்கிங் மேன்’ என்றே பெயர். அவருக்கு முன்னால் பிலடெல்பியா அத்லெடிக்ஸின் மேக்ஸ் பிஷப், பட்டப்பெயர் ‘கேமரா ஐ’. 1929-இல் ஆவரேஜ் 0.232, வாக் 128. இவர்களைக் கண்டு எந்தப் பிட்சரும் நடுங்கவில்லை. பிடிக்காத பந்தை விடுவது, பிடித்த பந்து வரும்வரை காத்திருப்பது, இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு கடினமான பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டி ஃபவுல் ஆக்குவது, இவைதான் இவர்களின் மூலதனம். எங்களைக் கேட்டால், பாண்ட்ஸின் 232-ஐவிட யோஸ்டின் 151-தான் சுத்தமான வாக் திறமை. ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

பாண்ட்ஸோட 232-ல வேணும்னே குடுத்தது எத்தனை?

120. தற்போதைய விதிப்படி இது பந்தே வீசாமல் நடக்கும்: 2017 முதல் மேலாளர் சைகை காட்டினால் போதும். அதற்கு முன் கேட்சர் எழுந்து தள்ளி நிற்க, நான்கு பந்தையும் வெளியே வீச வேண்டியிருந்தது. பாண்ட்ஸுக்கு முன் ஒரு சீசனுக்கான சாதனை வில்லி மக்கோவியின் 45, அது 1969-இல். அதோடு ஒப்பிட்டால் 120 எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

1998 மே 28 அன்று பாண்ட்ஸின் அணிக்கு எதிராக அரிசோனா 8-6 என்று முன்னிலை. ஒன்பதாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். பிளேட்டுக்கு வந்தவர் பாண்ட்ஸ். அரிசோனாவின் மேலாளர் பக் ஷோவால்டர் வேண்டுமென்றே வாக் கொடுத்து ஒரு ரன்னைத் தானம் செய்தார். 8-7. அடுத்து வந்த பிரென்ட் மெய்ன் அடித்த பந்தை வலப்பக்க ஃபீல்டர் பிடித்தார், அரிசோனா வென்றது.

இந்த 120-ஐக் கழித்தாலும் பாண்ட்ஸிடம் 112 வாக் மிச்சம், அதுவே முதலில் சொன்ன 100-க்கு மேல். அந்தச் சீசனில் ஸ்ட்ரைக் அவுட் வெறும் 41. ஊக்கமருந்து சர்ச்சை அந்த ஆண்டுகளின் மேல் படிந்துதான் இருக்கிறது. ஆனால் எந்தப் பந்தை விடுவது என்ற அவருடைய தேர்வு ஒப்பற்றது என்பதைப் பதிவுகள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயுள் கணக்கில் வேண்டுமென்றே கொடுத்ததை எல்லோருக்கும் கழித்தால், முதலிடம் ரிக்கி ஹென்டர்சனுக்குப் போகும்.

நிறைய பந்தை விட்டா ஸ்ட்ரைக் அவுட்டும் ஏறுமே?

ஏறும். காத்திருக்கிறவருக்கு இரண்டு ஸ்ட்ரைக் அடிக்கடி ஆகும். ஆடம் டன் 2012-இல் 105 வாக், 41 ஹோம் ரன், 222 ஸ்ட்ரைக் அவுட். அவர் பிளேட்டுக்கு வந்ததில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றாகவே முடிந்தது. ஆவரேஜ் 0.204 என்று பார்த்தவர்கள் திட்டினார்கள், ஆன்-பேஸ் 0.333 இருந்தது.

ஆகவே வாக் எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் ஸ்ட்ரைக் அவுட்டையும் வைத்துப் பாருங்கள். சோட்டோ 2021-இல் 145-க்கு 93. வாட்டோ 2017-இல் 134-க்கு 83. இன்றைய வேகப் பந்துகளுக்கு எதிரே வாக் அதிகமாகவும் ஸ்ட்ரைக் அவுட் குறைவாகவும் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

வாக்கும் சிங்கிளும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் முதல் பேஸ்தான்.

ஆள் யாரும் பேஸில் இல்லாதபோது ஒன்றுதான். ஆள் இருந்தால் இல்லை. இரண்டாம் பேஸில் ஒருவர் நின்றால், சிங்கிளில் அவர் பெரும்பாலும் ஓடிவந்து ரன் எடுப்பார். வாக்கில் நின்ற இடத்திலேயே நிற்பார், பின்னாலிருந்து தள்ளப்பட்டால்தான் நகரலாம். எல்லாச் சூழலையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு வாக்கின் மதிப்பு ஏறக்குறைய 0.3 ரன், சிங்கிளுக்கு 0.45-ஐ ஒட்டி. மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கோர்கார்டில் வராத ஒரு லாபமும் உண்டு. சைகையில் கொடுக்காத ஒவ்வொரு வாக்கும் பிட்சரின் கையிலிருந்து குறைந்தது நான்கு பந்தைப் பறிக்கிறது. தொடக்க பிட்சர் நூறு பந்தை நெருங்கினாலே வெளியேற்றப்படுவார்.

இச்சிரோ வாக்கே வாங்கலையே, அவர் மட்டமா?

மட்டமே இல்லை. பாண்ட்ஸ் 232 வாங்கிய அதே 2004-இல் இச்சிரோ சுசுகி 262 ஹிட் அடித்தார், அது இன்றுவரை சாதனை. வாக் 49தான். ஆவரேஜ் 0.372, ஆன்-பேஸ் 0.414. வெளியே போகிற பந்தையும் ஹிட் ஆக்கும் கை இருந்தால் விடுவதற்கு அவசியம் குறைவு. விளாடிமிர் கெரேரோ (தந்தை) கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து 449 ஹோம் ரன் சேர்த்தார். ஆனால் இந்தக் கை எத்தனை பேருக்கு வாய்க்கும்? மற்றவர்களுக்கு வெளியே போகும் பந்தை அடித்தால் பலவீனமான தரைப் பந்துதான் மிஞ்சும். யோஸ்டின் 0.412-ஐ இச்சிரோவின் 0.414-ஓடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வழி வேறானாலும் வந்து சேர்ந்த இடம் ஒன்று.

மட்டையைப் பாதி வீசி நிறுத்தினா பாலா, ஸ்ட்ரைக்கா?

மட்டை பிளேட்டின் முன்விளிம்பைத் தாண்டினால் ஸ்ட்ரைக் என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். மேஜர் லீக் விதிப்புத்தகம் அப்படி ஒரு கோட்டைக் கிழிக்கவில்லை. பேட்டர் அடிக்க முயன்றாரா என்பதை அம்பயர் முடிவு செய்கிறார். பிளேட் அம்பயர் பால் என்று சொன்னால், கேட்சர் முதல் அல்லது மூன்றாம் பேஸ் அம்பயரைக் கேட்கச் சொல்லலாம். வலக்கை பேட்டருக்கு முதல் பேஸ் அம்பயர், இடக்கை பேட்டருக்கு மூன்றாம் பேஸ் அம்பயர். வாக் வந்துவிட்டது என்று நடக்கத் தொடங்கிய பேட்டர் திரும்பி அவரைப் பார்ப்பது இதற்காகத்தான்.

மூணு பால், ஸ்ட்ரைக் பூஜ்யம். லட்டு மாதிரி நடுவுல வருது. ஏன் அடிக்கல?

இந்த நிலையில் பிட்சருக்கு வேறு வழியில்லை, பெரும்பாலும் நேர்ப் பந்தை நடுவில் போடுவார். அடித்தால் பலன் உண்டு. அடித்து அவுட் ஆனால், கைக்கு வந்த வாக் போய்விடும். விட்டு அது ஸ்ட்ரைக் ஆனாலும் 3-1தான் (மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக்), இன்னும் பேட்டர் பக்கமே சாய்ந்த நிலை. அதனால் பல அணிகள் விடச்சொல்லிச் சைகை கொடுக்கும். பெரிய அடியாளருக்கு மட்டும் அனுமதி தருவார்கள்.

கூடவே ஒரு நுணுக்கம். மனித அம்பயரின் ஸோன் 3-0-இல் கொஞ்சம் விரியும், 0-2-இல் கொஞ்சம் சுருங்கும். பந்துத் தரவுகளை அலசியவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆகவே 3-0-இல் ஓரத்தில் விழும் பந்தை ‘இது வெளியே’ என்று நம்பி நடக்கத் தொடங்காமல் இருப்பது நல்லது.

2026-ல வந்த அப்பீல் முறையால வாக் கூடுமா?

அம்பயர் சொன்ன பால், ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கேட்பதுதான் இந்த அப்பீல். அணிக்கு இரண்டு அப்பீல், சரியாக இருந்தால் அது குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர்தான் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும், டக்-அவுட்டிலிருந்து (அணியினர் உட்காரும் இடம்) உதவி கூடாது. அப்பீலுக்கான ஸோன் உயரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது: மேல் எல்லை பேட்டரின் உயரத்தில் 53.5%, கீழ் எல்லை 27%. 180 செ.மீ. உயரமுள்ளவருக்கு 96.3 செ.மீ.யிலிருந்து 48.6 செ.மீ. வரை. இந்த அளவு நிற்கும் விதத்தைப் பார்ப்பதில்லை. ஹென்டர்சனைப் போல் குனிந்து ஸோனைச் சுருக்குவது அப்பீலில் செல்லாது.

ஸோனைத் துல்லியமாக அறிந்த பேட்டருக்கு இதில் சாதகம், கேட்சர் கையுறையை நைசாக உள்ளே இழுத்துத் திருடும் ஸ்ட்ரைக்கை அவரால் மீட்க முடியும். ஆனால் கேட்சரும் அதே அப்பீலைப் பயன்படுத்தலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வயசானா இந்தத் திறமை போயிடுமா?

மட்டையின் வேகம்தான் முதலில் குறையும், தேர்வு நிற்கும். ஹென்டர்சன் 1996-இல், 37 வயதில், ஆவரேஜ் 0.241-க்கு இறங்கியும் 125 வாக் வாங்கி 0.410 ஆன்-பேஸ் வைத்தார். முடிவு வருவது பிட்சர்கள் பயத்தை இழக்கும்போது. உள்ளே போட்டாலும் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் உள்ளேயே போடுவார்கள், வாக் தானாக வற்றும்.

புது ஆள் ஏப்ரல்ல நிறைய வாக் வாங்கறான். நம்பலாமா?

ஆவரேஜைவிட வாக் விகிதம் சீக்கிரம் நம்பகமாகும். பிளேட்டுக்குச் சுமார் 120 தடவை வந்த பிறகு, அதாவது முழு நேரம் ஆடுபவருக்கு ஒரு மாதம் கடந்த பிறகு, அந்த எண்ணில் ஓரளவு உண்மை இருக்கும். அதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். வேண்டுமென்றே கொடுத்ததைக் கழியுங்கள். அவருக்குப் பின்னால் வருபவர் பலவீனமா என்று பாருங்கள், அப்படியானால் பிட்சர் அவரைச் சுற்றியே வீசியிருக்கலாம். கடைசியாக, வெளியே போகும் பந்துக்கு எத்தனை தடவை மட்டையை வீசுகிறார் என்ற சதவீதம். அது 20-ஐ ஒட்டி இருந்து, உள்ளே வருவதையும் பலமாக அடிக்கிறார் என்றால் அந்த வாக் மே மாதமும் தொடரும். 30-க்கு மேல் இருந்தால், பிட்சர்கள் இன்னும் அவரைப் படித்து முடிக்கவில்லை என்றுதான் பொருள்.